பெயர் தெரியாத பாகம்

"நீங்க பாத்தீங்களா?"

இந்த ஒரு கேள்விக்காகவே எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு அந்த டீச்சரைப் பிடிக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒரு கதையை எடுப்பார்கள். அந்த சார் இப்படியாம், இந்த டீச்சர் வீட்டில் அப்படியாம் என்று பேச்சு ருசியாகப் போய்க்கொண்டிருக்கும். இவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையைத் தூக்கி, "நீங்க பாத்தீங்களா?" என்பார். குத்திக்காட்டும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதோடு கதை படுத்துவிடும். எல்லோரும் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போவார்கள்.

நான் அங்கே ஆய்வக உதவியாளன். லேப் அட்டெண்டர் என்றால்தான் எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் புரியும். திண்டிவனத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஸ்பிரிட் விளக்கைத் துடைப்பது, ஜாடியில் ஃபார்மலின் மாற்றுவது, தவளை பிடித்து வருவது, பரீட்சைக்குப் பூ பறித்து வருவது எல்லாம் என் தலையில்தான். விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் அவர் வந்து சேர்ந்தார். பிறந்தது முகையூர்ப் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். வாழ்க்கைப்பட்டது விழுப்புரம். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். பெயர் வேண்டாம். பயாலஜி டீச்சர் என்றாலே அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரென்று தெரியும்.

வந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் சண்டை. லேப் சுவரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடிப் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஓவிய ஆசிரியர் வரைந்தது. வேரெல்லாம் கொத்துக் கொத்தாகக் காய். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். டீச்சர் ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றினார்.

"ஏன் டீச்சர் கழட்டுறீங்க? நல்லாத்தானே கீது?"

"தப்பா இருக்குண்ணே. காய் வேர்ல காய்க்கிற மாதிரி போட்டிருக்காங்க."

"வேர்லதான் காய்க்கும்."

"பாத்தீங்களாண்ணே?"

எனக்கு வந்ததே கோபம்! "இன்னா டீச்சர் பேசுறீங்க? நாங்க தலமுற தலமுறயா மல்லாட்டை போடுற குடும்பம். நான் பொறந்து வளந்ததே கொல்லியில. எங்கிட்ட வந்து பாத்தியான்னு கேக்குறீங்களே!"

"கோச்சிக்காதீங்க. நாளைக்கு ஒரு செடி புடுங்கியாங்க. ரெண்டு பேருமா சேந்து பாப்போம்."

மறுநாள் வீம்புக்கென்றே நல்ல செடியாகப் பார்த்துப் பிடுங்கி, மண்ணோடு கொண்டுவந்து மேசையில் போட்டேன். அவர் அதைத் தண்ணீரில் அலசினார். ஒரு காயைப் பிடித்து, அதன் காம்பை விரலால் தடவிக்கொண்டே மேலே போனார். விரல் போய் நின்ற இடம் வேர் இல்லை. தண்டில், இலை பிரிகிற கணு. பூ பூத்த இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒன்று கீழே இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, அங்கே காயாகியிருந்தது. வேரில் கடுகு கடுகாக முண்டு மட்டும்தான். அவர் வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. "வாடறதுக்குள்ள வரைஞ்சிடணும்ண்ணே, கொஞ்சம் நிமித்திப் புடிங்க" என்றார். ஒரு மணி நேரம் செடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வெழுது எறங்குறது தெரியாமயாடா இத்தினி வருசம் கொல்லியில கெடந்த? நீயெல்லாம் இஸ்கோலுல இன்னாத்த வேல பாத்துக்கினு கீற?" அவருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே நின்று பிடுங்கிய எனக்குத் தெரியவில்லை. என் மானம் வீட்டிலும் போயிற்று.

டீச்சர் பெரிய ஓவியர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் போடும் வட்டம் கோழிமுட்டை மாதிரி இருக்கும். எங்கள் ஓவிய ஆசிரியர் அவருடைய படங்களைப் பார்த்து, "கோடு சுமார்தான்" என்று உதட்டைப் பிதுக்குவார். ஆனால் இலையில் ஒன்பது நரம்பு இருந்தால் படத்திலும் ஒன்பது இருக்கும். பென்சிலைத் தேய்த்து நிழல் போடவே கூடாது. இருட்டாக இருக்கும் இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். இன்னும் இருட்டு என்றால் இன்னும் நெருக்கமாகப் புள்ளி. "தேச்சா அழகா இருக்கும், ஆனா உள்ள இருக்கறது மறைஞ்சிடும்" என்பார். அந்தப் பிள்ளைகள் டொக் டொக்கென்று புள்ளி வைக்கிற சத்தம் வராண்டா வரைக்கும் கேட்கும். மரங்கொத்தி வகுப்பு என்று நான்தான் அதற்குப் பெயர் வைத்தேன்.

வகுப்பில் பொருள் மேசைக்கு வராமல் போர்டில் கோடு விழாது. வெங்காயத் தோல் பாடமென்றால் முதலில் வெங்காயம் வர வேண்டும். எங்களிடம் ஒழுங்காக வேலை செய்கிற மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று. நாற்பது பெண்களும் வரிசையில் நின்று பார்த்து, போய் உட்கார்ந்து வரைந்து, மறந்துபோனால் மறுபடி வரிசையில் வந்து நிற்பார்கள். வரைந்ததையெல்லாம் துணிக் கிளிப் போட்டு ஒரு கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடச் சொல்வார். தொங்கவிடுகிற வேலை என்னுடையது. பிறகு எல்லோரும் நடந்து நடந்து பார்த்து, எது எல்லார் படத்திலும் இருக்கிறது, எது ஒருத்தி படத்தில் மட்டும் இருக்கிறது என்று பேச வேண்டும். பாடமே அந்தப் பேச்சுத்தான். பக்கத்து வகுப்பு சார் வந்து, "சந்தையா நடத்துறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்படி ஒருநாள், கண்டமங்கலத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பெண்ணின் படத்தில் மட்டும் வெங்காய செல்களுக்குக் குறுக்கே ஏழெட்டு வளைந்த கோடுகள். 'நார்' என்று பாகமும் குறித்திருந்தாள். மற்ற பிள்ளைகள் சிரித்துக் கும்மாளம் போட்டார்கள். அந்தப் பெண் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். டீச்சர் அவளை மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவைத்து, "இப்ப கண்ணைக் கொட்டு" என்றார். கோடுகளும் கூடவே அசைந்தன. அவளுடைய சொந்தக் கண் இமை மயிர்தான் அது! குனிந்து ஒட்டிப் பார்த்ததில் லென்ஸில் தெரிந்திருக்கிறது. டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இவ ஒருத்திதான்டி முழுசா பாத்திருக்கா, நீங்கள்லாம் புக்கைப் பாத்து போட்டீங்க" என்று சொல்லி, அந்தப் படத்துக்கு முழு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் 'இது உன் இமை' என்று எழுதிக் கொடுத்தார். மறுவாரமே மற்ற பெண்களும் தங்கள் இமையை வரைய ஆரம்பித்தார்கள் என்பது வேறு பேஜாரு.

அவரோடு வேலை பார்ப்பது லேசு இல்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் மீன் இருந்தால், தின்பதற்கு முன்னால் செவுளைத் தூக்கி எத்தனை அடுக்கு என்று எண்ணுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஐயர் வீட்டு டீச்சர் எழுந்து ஓடுவார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எறும்பு வரைந்திருப்பார். ஒருநாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, டிக்கெட்டா, பயாலஜி ரெக்கார்டா?" என்றாராம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அந்தச் செம்பருத்திக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. டீச்சர்தான் இன்டெர்னல். எக்ஸ்டெர்னலாக வெளியூரிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர் வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கண்டிப்புக்குப் பேர்போனவர். பூவைப் பிரித்து, உள்ளே இருப்பதைப் படம் வரைந்து, பாகம் குறிக்க வேண்டும். முதல் நாளே டீச்சர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒத்தைச் செம்பருத்திண்ணே. அஞ்சு இதழ் இருக்கணும்."

காலையில் மாதா கோயில் காம்பவுண்டுக்குப் போனேன். ஒற்றைச் செம்பருத்தி நான்கைந்துதான் இருந்தது, அதுவும் பூச்சி அரித்து. பக்கத்துச் செடியிலோ அடுக்குச் செம்பருத்தி பந்து பந்தாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து பெரிய மனுஷர் வருகிறார், பொத்தல் பூவையா மேசையில் வைப்பது? வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நல்ல தட்டைத்தானே எடுத்து வைப்போம்? செம்பருத்தி செம்பருத்திதான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, கூடை நிறைய அடுக்குப் பூவையே பறித்துக்கொண்டு வந்தேன். டீச்சர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஸ்லைடு சரிபார்த்துக்கொண்டிருந்தார். "பூவ வெச்சிடட்டுமா டீச்சர்?" என்றேன். திரும்பாமலே "வையுங்கண்ணே" என்றார்.

ஒற்றைச் செம்பருத்தியில் நடுவே குழல் மாதிரி ஒன்று நீண்டு, அதன்மேல் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுக்குப் பூவில் அந்தக் குழலெல்லாம் சிதைந்து இதழ் இதழாகக் கிளம்பியிருக்கும். புத்தகத்தில் இருப்பது ஒற்றை. திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பும் ஒற்றைக்குத்தான். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்த பேட்சில் எட்டுப் பெண்கள். எட்டுப் பேரும் பூவைப் பிரித்தார்கள். பிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புத்தகத்துப் படம் அவர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அதை அப்படியே போட்டிருந்தால் முழு மதிப்பெண். ஒருத்தியும் அதைப் போடவில்லை. எட்டுப் பேரும் மேசையில் இருந்ததை வரைந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

எக்ஸ்டெர்னல் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் அந்தப் படத்துக்கு நேரே ஒரு முட்டை. கண்டமங்கலத்துப் பெண்ணின் தாளுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? செம்பருத்தியா, முட்டைக்கோஸா? எட்டு பேரும் ஒரே மாதிரி தப்பா போட்டிருக்காங்க. இந்தப் பொண்ணு ஒருபடி மேல. பாருங்க."

அவள் ஒரு சின்ன இதழை வரைந்து, அதன் ஓரத்தில் மகரந்தப் பை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதாகப் போட்டிருந்தாள். பாதி இதழ், பாதி மகரந்தத்தாள். அதற்குக் கோடு இழுத்து, 'பெயர் தெரியவில்லை' என்று பாகம் குறித்திருந்தாள்.

"பரீட்சையில பெயர் தெரியவில்லைன்னு எழுதுவாங்களாம்மா? இதான் நீங்க சொல்லிக்குடுத்ததா?"

டீச்சர் அப்போதுதான் மேசையில் கிடந்த பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், பொண்ணுங்க பூவை சரியாத்தான் போட்டிருக்காங்க. பூவைப் பாருங்க."

"செம்பருத்தி எனக்குத் தெரியாதாம்மா? எத்தினி வருஷமா பேப்பர் திருத்தறேன்!"

"செம்பருத்தி தெரியும் சார். இந்தப் பூவைப் பாத்தீங்களா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. விடைக்குறிப்பை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். வெளியே வராண்டாவில் எட்டுப் பெண்களும் சுவரோடு சாய்ந்து நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டமங்கலத்துப் பெண் விவசாயப் படிப்புக்குப் போக வேண்டுமென்று ஒவ்வொரு மதிப்பெண்ணாகப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறவள். இந்த முட்டை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த முட்டை விழுந்ததே நான் வைத்த பூவால்தான்.

"சார்" என்றேன். "பூவ மாத்தினது நாந்தான் சார். டீச்சர் ஒத்தைப் பூதான் கேட்டாங்க. நீங்க வர்றீங்களேன்னு நல்ல பூவா இருக்கட்டும்னு அடுக்கு வெச்சிட்டேன். பொண்ணுங்க மேல தப்பு இல்ல சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, லென்ஸை எடுத்துப் பூவின் மேல் குனிந்தார். ஊசியால் ஒவ்வொரு இதழாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்தப் பாதி இதழ் கிடைத்தது. ஓரத்தில் மகரந்தப் பை. அவர் நிமிரவே நேரமாயிற்று.

"இதுக்குப் பேரு சொல்லித் தரலியா நீங்க?"

"இல்ல சார். மகரந்தத்தாள்தான், இதழா மாறிக்கினு இருக்கு. நான் சொல்லித் தரல. அவளும் இல்லாத பேரை வெக்கல."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. "மார்க்கு போட்டுடறேன்மா. போட்டா மட்டும் நிக்காது. விடைக்குறிப்புக்கு மாறா ஏன் போட்டேன்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க. மேசையில இருந்தது வேற பூன்னு உங்க கிட்டேருந்து எழுத்துல வரணும். வரலேன்னா இந்த முட்டைதான் நிக்கும்."

தலைமையாசிரியை காதுக்கு விஷயம் போயிற்று. அவர் பயந்த சுபாவம். "எழுதிக் குடுத்தா மெமோ வரும் டீச்சர். ஸ்கூல் பேரும் ரிப்பேராகும். கொஞ்சம் மார்க்குதானே, பொண்ணுங்க தியரியில எடுத்துக்கும்" என்றார்.

"எட்டுப் பொண்ணுங்க மேடம். அவங்க எந்தத் தப்பும் பண்ணல" என்றார் டீச்சர். லேப்புக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத உட்கார்ந்தார். எழுதி முடித்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்களைச் சொல்லாம எழுத முடியல. நீங்களும் கையெழுத்து போடணும்."

எனக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், எழுத்து அப்படியா? "இன்னா டீச்சர், சொல்லிட்டேனே, அது போதாதா? என்னை மாட்டிவிடத்தான் போறீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். படித்தேன்.

ஒற்றைச் செம்பருத்தி கேட்டிருந்தேன். ஆய்வக உதவியாளர் நல்லெண்ணத்தில் அடுக்குச் செம்பருத்தி கொண்டுவந்தார். மேசையில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான் பூவைப் பார்க்கவில்லை. பார்க்காமலே வைக்கச் சொன்னேன். மாணவிகள் எட்டுப் பேரும் பார்த்தார்கள். பார்த்ததை வரைந்தார்கள்.

கீழே அந்தப் பூவைப் புள்ளி புள்ளியாக வரைந்து பாகமும் குறித்திருந்தார். என் தப்பு ஒரு வரி. அவர் தப்பு இரண்டு வரி. இத்தனை வருஷம் ஊரையெல்லாம் பாத்தியா பாத்தியா என்று கேட்ட மனுஷி, நான் பார்க்கவில்லை என்று தன் கையாலேயே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

மதிப்பெண் நின்றது. கண்டமங்கலத்துப் பெண் அந்த வருஷமே விவசாயப் படிப்பில் சேர்ந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மெமோ விழுப்புரத்திலிருந்து வந்தது. டீச்சர் அதைப் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை ரெண்டு இருக்குண்ணே" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். சில வருஷம் கழித்து மாற்றலாகிப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்துப் பத்துக்கு மேல் ஒரு வருஷம் நான் ஓய்வு பெற்றேன். பென்ஷன் காகித வேலையாக விழுப்புரம் ஆபீஸுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு இளம் கிளார்க் என் சர்வீஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார்.

"பெரியவரே, இத்தனை வருஷ சர்வீஸ்ல கம்ப்ளெயின்ட்டே இல்ல. இந்த ஒரு மெமோதான். ஏதோ பூ விஷயம், ஒரு டீச்சரும் நீங்களும்னு போட்டிருக்கு. இது மட்டும் இல்லாம இருந்தா புக்கு சுத்தமா இருந்திருக்கும்."

"எங்க, காட்டுங்க சார்."

திருப்பிக் காட்டினார். 'இவ்விருவரும் கடுமையாக எச்சரிக்கப்படுகின்றனர்' என்று டைப் அடித்திருந்தது. முதலில் டீச்சர் பெயர். பக்கத்திலேயே, அதே வரியில், என் பெயர்.

"சார், இந்தப் பக்கத்த மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்" என்றேன். "வூட்டுல கண்ணாடி போட்டு மாட்டணும்."